தண்ணீர் பச்சையானபோது: மலைநாட்டிலிருந்து சில அனுபவங்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

நச்சுப் பாசி என்றால் கடற்கரையில் வருவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். மலையில் கடல் இல்லை, ஆனால் நீர்த்தேக்கம் இருக்கிறது, பாசியும் வருகிறது.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஒரு தேக்கம். மாசி, பங்குனியில் ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில் வரத்துக் குறைந்துவிட்டால் சனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் இறங்கும். ஒரு வறட்சியில் காற்று ஒதுக்கிய மூலையில் பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி படலம் கட்டியிருந்தது. குச்சியால் அளைந்து பார்த்தேன். சாதாரணப் பாசி என்றால் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும். இது பொடியாகக் கலைந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி மிதந்தது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா முதலில் மறுத்ததே அதைத்தான். இது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்; அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சை உண்டாக்கும்; கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது, பாசி உடைந்து உள்ளே இருப்பதும் தண்ணீரில் இறங்கிவிடும் என்றார். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்ஆர் என்ற வகை நஞ்சு லீட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எல்லாப் பச்சையும் நஞ்சு இல்லைதான். ஆனால் எது நஞ்சு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் பிள்ளைகளையும் மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் விடவேண்டாம்.

மேலே மரக்கறித் தோட்டங்களில் போடும் உரம் மழைக்குக் கழுவிக்கொண்டு வருகிறது. லயத்துக் கழிவும் இறங்குகிறது. அந்தப் பொஸ்பரசும் நைதரசனும் தேங்கிக் கிடக்க, வெயிலும் அடித்தால் பாசிக்கு விருந்துதான். ஒழுங்கான மலசலகூடம் கட்டிக் கொடுக்காமல் லயத்துச் சனத்தை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கண்டியிலிருந்து:

அண்ணே, நீங்கள் சொன்ன அதே மைக்ரோசிஸ்டிஸ்தான் 1999இல் எங்கள் கண்டி வாவியிலும் பெருகியது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வாவிக்கரையால் நடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம். நகரத்து அழுக்கு எல்லாம் வந்து சேர்கிற வாவி அது. அங்கிருந்து வழிவது மெத எல ஓடையால் மகாவலிக்குப் போகிறது. வாவி அழகாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

என் சித்தப்பா குடும்பம், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய், இப்போது தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. 2019இல் மன்னார் வளைகுடாவில் நொக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. சித்தப்பா போனில் சொன்னபோது குரலே சரியில்லை. அங்கே நடந்தது வேறு: நொக்டிலூகா மைக்ரோசிஸ்டின் மாதிரி ஈரலுக்கு நஞ்சு வைப்பதில்லை. அது அளவுக்கு மீறிப் பெருகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறைகிறது, அமோனியா கூடுகிறது, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. ஆனாலும் செத்து ஒதுங்கிய மீனை யாரும் பொறுக்கிக் கறி வைக்க வேண்டாம் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சித்தப்பா போய்ச் சொல்லியிருக்கிறார். நம் தேக்கங்களில் திலாப்பியா பிடிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: பச்சைப் படலம் கிடக்கும் நாட்களில் அங்கே பிடிக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் குடலையும் ஈரலையும் எறிந்துவிட்டு, சதையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.