ஆர்டர் ஹிஸ்டரியை வைத்து ஆளை எடை போட முடியுமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு மக்களே, ஒரு சந்தேகம். ஒருத்தர் ஆன்லைனில் வாங்குவதைப் பார்த்தே அவர் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? சொந்தக் கணக்கைச் சோதிப்பதென்றால் எதைப் பார்ப்பது?

மடிவாளா கணக்கர்:
கொஞ்சம் உண்மை. 2019-இல் கிளாட்ஸ்டோன், மாட்ஸ், லெமேர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் செலவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மொத்தம் 20 லட்சம் பதிவுகளுக்கு மேல். ஆன்லைன் மட்டுமில்லை, எல்லாச் செலவும். புதுமை தேடுகிறவர்களுக்கு விமான டிக்கெட், கலகலப்பானவர்களுக்கு ஹோட்டல் சாப்பாடு, பொறுப்பானவர்களுக்குச் சேமிப்பு என்று போக்கு தெரிந்தது. ஆனால் தனி ஆளின் குணத்தைக் கணித்ததில் துல்லியம் சுமார்தான். பொருளாசையும் தன்கட்டுப்பாடும் மட்டும் கொஞ்சம் நன்றாகப் பிடிபட்டன. இதை வைத்துப் பெண் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்:
செய்முறை சொல்கிறேன். 90 நாள் ஆர்டர்களை ஷீட்டில் போடுங்கள். பால், தயிர், தோசை மாவு எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். அதில் குணம் ஒன்றும் தெரியாது. மிச்சத்துக்கு நாலு விவரம் போதும்: ஆர்டர் போட்ட மணி, தொகை, தேடி வாங்கியதா நோட்டிஃபிகேஷனைத் தட்டி வாங்கியதா, இன்று பயன்பாட்டில் இருக்கிறதா. ராத்திரி 11-க்கு மேல் தட்டி வாங்கியவற்றில் பாதி பிரிக்காமலே கிடந்தால், அதுதான் அவசர புத்தி. என்ன பொருள், என்ன பிராண்ட் என்பதெல்லாம் அப்புறம்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஒரே அக்கவுன்ட்டில் வீடே வாங்கும். அம்மாவின் குக்கர் கேஸ்கட்டையும் தம்பியின் இயர்போனையும் சேர்த்து ஒரே மனிதராகப் படித்தால் விசித்திரப் பிறவிதான் கிடைப்பார்.

அல்சூர்வாசி:
நன்றி சார். ரிட்டர்ன் நிறைய இருந்தால் முடிவெடுக்கத் தெரியாதவர் என்று எடுத்துக்கலாமா?

மடிவாளா கணக்கர்:
துணியில் எடுக்காதீங்க. ஒரு பிராண்டின் எம் சைஸ் மார்பு 38 அங்குலம், இன்னொன்றில் 40. ஒரே சட்டையை இரண்டு சைஸில் வரவழைத்து ஒன்றைத் திருப்புகிறவர் குழம்பியவர் இல்லை, திட்டம் போட்டவர். மிக்ஸி, ஷூ ரேக் மாதிரிப் பொருளை ‘மனம் மாறிவிட்டது’ என்று காரணம் போட்டு அடிக்கடி திருப்பினால் யோசிக்கலாம்.

ஒயிட்ஃபீல்டு:
ஆப் செய்யும் வேலையையும் கழிக்கணும். 199-க்கு இலவச டெலிவரி, பில் 160 என்றால் 45 ரூபாய் சிப்ஸ் உள்ளே வந்துவிடும். அது குணமில்லை, கணக்கு. ‘இன்னும் 5 நிமிடம்தான்’ என்று பொய்யாக ஓடும் டைமரும், கேட்காமலே கார்ட்டில் பொருள் சேர்ப்பதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 தந்திரங்களில் உண்டு. ஷீட்டில் அந்த ஆர்டர்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். கார்ட்டில் இரண்டு வாரமாகக் கிடப்பதைத் தயக்கம் என்று எழுத வேண்டாம். நிறையப் பேர் விலை இறங்கட்டும் என்றுதான் போட்டு வைக்கிறார்கள்.