பீக்கோவா, பெக்கோவா? அவசரம்

ஹட்டன்_பையன்: இங்கிலீஷ்ல பி, ஈ, கே, ஓ, ஈ. இதை எப்படி வாசிக்கிறது? பெக்கோவா, பெகோயியா? எங்கேருந்து வந்த சொல்? காலையில சொல்லியாகணும். தெரிஞ்சவங்க சீக்கிரம்!

கொழுந்துக்கூடை: எங்க பார்த்தீங்க தம்பி? தேயிலைப் பெட்டியிலயா, நடைபாதைப் பலகையிலயா? முன்னால ஓரேஞ்ச்னு இருக்கா?

பதுளை_வாசகர்: யாருக்குச் சொல்லணும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கா?

மலைக்காற்று: பீகிங் நகரத்துப் பேர்தான் அது. சீனத் தேயிலைதானே.

சொல்லாய்வாளன்: பீகிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுதுவதற்கு முன் அகராதியைப் புரட்டுங்கள் என்று எத்தனை இழைகளில்தான் சொல்வது? உச்சரிப்பு 'பீக்கோ'. அழுத்தம் முதல் அசையில். கடைசி ஈ ஒலிக்காது. சீனாவின் அமோய் வட்டாரப் பேச்சில் 'பெக்' வெள்ளை, 'ஹோ' மென்மயிர். 'தே' என்ற சொல்லும் அந்தக் கரையோரப் பேச்சிலிருந்தே ஒல்லாந்தர் வழியாக ஐரோப்பா போனது. நம் 'தேயிலை'யிலும் அதுதான் இருக்கிறது.

டீமேக்கர்_மாமா: சேர் சொன்ன மயிரைக் கண்ணாலயே பார்க்கலாம் தம்பி. விரியாத அரும்பு ஒண்ணைக் கிள்ளி வெயிலுக்கு நேரா பிடிங்க. மேலெல்லாம் வெள்ளையா பூனைமுடி நிக்கும். உருட்டாம காயவச்சா அதுதான் சில்வர் டிப்ஸ். உருட்டினா சாறு பட்டு பொன்னிறமாகிடும். ஆனா இன்னிக்கு ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, பீக்கோன்னா இலையோட அளவுதான். சல்லடையில பிரியிறப்ப பி.ஓ.பி. (புரோக்கன் ஓரேஞ்ச் பீக்கோ) கொஞ்சம் பெருசு, பி.ஓ.பி.எஃப். (அதுலயே ஃபேனிங்ஸ்) அதைவிடச் சின்னது.

ஹட்டன்_பையன்: பலகையிலதான். வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டு நடக்கணும்.

கொழுந்துக்கூடை: அப்போ பீக்கோ ட்ரெயில்ங்கிற மலை நடைபாதை! கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

மலைக்காற்று: ஓரேஞ்ச் பீக்கோவில தோடம்பழத் தோல் போடுவாங்கதானே?

டீமேக்கர்_மாமா: இல்லவே இல்லை. கொழுந்தைத் தவிர அதுல எதுவும் சேராது.

பதுளை_வாசகர்: ஒல்லாந்த அரச குடும்பத்துப் பேர் ஓரேஞ்ச். வியாபாரத்துக்கு வச்சதுன்னு சொல்லுவாங்க.

மலைக்காற்று: பழத்தோட பேரே நம்ம நாரத்தையிலிருந்து போனதுதான்!

சொல்லாய்வாளன்: அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கு முன் தமிழ், மலையாளம் போன்ற திராவிட மொழிகளின் வேர் என்பதே பெரும்பாலோர் கருத்து. தமிழ் என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள்.

மலைக்காற்று: மலையாளத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?

சொல்லாய்வாளன்: வேர் இருவருக்கும் பொது. இதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

ஹட்டன்_பையன்: பீக்கோன்னே சொன்னேன். அரும்பைக் கிள்ளிக் காட்டினதும் எல்லாரும் படம் எடுத்தாங்க. மாமாவுக்கு நன்றி.