ஆண் பூனை தண்ணி குடிக்க மாட்டேங்குது, யோசனை சொல்லுங்க

புதுச்சேரி முத்தியால்பேட்டை. போர் தண்ணி டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,450, ஆர்ஓ தண்ணி 60. பூனை 4 கிலோ, உலர் தீவனம் மட்டும்; அதில் ஈரம் 10 சதவீதம்தான். கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் நாளுக்கு 200 மில்லி தேவை. அளந்து ஊற்றிப் பார்த்தால் 90தான் குறையுது, வெயிலில் ஆவியானதும் அதில் சேர்த்தி. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. இதுவரை சிறுநீர் சரியாகப் போகுது.

கிண்ணத்தை மணல் தட்டிலிருந்து தள்ளி வைத்தாச்சு. தீவனத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாமா? இந்தப் புழுக்கத்தில் எவ்வளவு நேரம் கெடாமல் தாங்கும்? போர் தண்ணியை ஆர்ஓவோடு கலந்து கொடுப்பவர்கள் உண்டா? டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கால்சியம், மெக்னீசியத்தைப் பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மை சோதிக்க இங்கேயோ கடலூரிலோ எங்கே கொடுக்கலாம்?