குடியாத்தம் வீட்டார் குழு

செவ்வாய், இரவு 8.40

வசந்தி: ரேவதி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் மாத மசக்கைதானே?

ரேவதி: மசக்கை காலையில் வருகிறது அத்தை. இது ஷூ ஒட்டும் பசை, சொல்யூஷன் நெடி. நான்கு மணிக்கு மேல் பேஸ்டிங் மேசையில் நிற்க முடியவில்லை.

கார்த்தி: டின்னில் என்ன எழுதியிருக்கிறது அண்ணி?

ரேவதி: எங்கள் கைக்கு டின் எங்கே வருகிறது? பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிப் பிரஷ்ஷோடு தருவார்கள். விளிம்பில் பழைய சொல்யூஷன் அடை அடையாகக் காய்ந்திருக்கும். அவ்வளவுதான் லேபிள்.

கார்த்தி: நாளை ஸ்டோரில் பெரிய டின்னைப் பாருங்கள். முனையில் நிற்கும் சிவப்புக் கட்டம், உள்ளே கறுப்பு மனிதன், நெஞ்சில் நட்சத்திரம் சிதறினாற்போல. உடலுக்கு நீண்டநாள் கேடு என்பதற்கான அடையாளம் அது.

புதன், மதியம் 1.15

ரேவதி: (படம்) ஸ்டோர் அண்ணன் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

கார்த்தி: டொலுயீனும் ஹெக்ஸேனும், பசையைக் கரைக்கும் திரவங்கள். எச் 361 என்ற ஆபத்துக் குறியீடு போட்டிருக்கிறது. 360 என்றால் பாதிக்கக்கூடும். 361 என்றால் பாதிக்கும் என்ற சந்தேகம். பின்னால் ‘டி’ இருந்தால் வயிற்றுக் குழந்தை, ‘எஃப்’ இருந்தால் கருவளம். இதில் இரண்டும் இருக்கின்றன.

மோகன் மாமா: முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொள்ளச் சொல். தோல் ஷாப்பில் நாங்கள் பார்க்காத நெடியா?

கார்த்தி: வெல்லம் வயிற்றுக்குப் போகிறது மாமா, நெடி நுரையீரலுக்குப் போகிறது. துணி தூசியைத்தான் நிறுத்தும்.

சுரேஷ்: நான் சோல் ஒட்டும் பிரிவு. ஆண்களுக்கு ஒன்றுமில்லையே?

கார்த்தி: ‘எஃப்’ உனக்கும் சேர்த்துத்தான் அண்ணா.

மோகன் மாமா: என் தக்காளிக்கு அடிக்கும் பூஞ்சை மருந்து மான்கோசெப், டப்பாவில் பச்சை முக்கோணம். அதற்காவது பயமில்லையே?

கார்த்தி: அந்த நிறம், விழுங்கினாலோ தோலில் பட்டாலோ எவ்வளவில் உயிர் போகும் என்பதற்கு மட்டும். கருவைப் பற்றி அது பேசாது. அதே மான்கோசெப்பை வயிற்றுக் குழந்தைக்குக் கேடு என்று வகைப்படுத்தி, 2020-இல் ஐரோப்பா அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

மோகன் மாமா: இருபது வருடமாக அந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

கார்த்தி: அண்ணி, சூப்பர்வைசரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள். 16 பகுதிகள் இருக்கும்; இரண்டாவதைக் காட்டி வேறு மேசை கேளுங்கள்.

வியாழன், இரவு 7.55

ரேவதி: தாள் கிடைக்கவில்லை. படத்தைக் காட்டினேன். நாளை முதல் பேக்கிங். என் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண். போன மாதம்தான் கல்யாணமாம். கிண்ணத்தைச் சுரண்டித் துடைத்து, டின்னில் இருந்ததை அப்படியே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

வசந்தி: சரி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்.