சர்ச்சில், மனிடோபா: எந்த மாதம் போனால் என்ன பார்க்கலாம்?

சர்ச்சில், கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் ஆறு கடலில் சேருமிடத்தில் உள்ள சிற்றூர். அங்கே காரில் போகச் சாலையே கிடையாது. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து விமானத்தில் போகலாம். ரயிலென்றால் சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வழியிலுள்ள தாம்சன் ஊர் வரை காரில் போய், வண்டியை அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். ரயில் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம்பி, திரும்பும் அன்றே அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். வடக்கே தண்டவாளம் சதுப்பிலும் உறைமண்ணிலும் கிடக்கிறது. கோடையில் மண் இளகி உள்வாங்கும். வண்டி ஊர்ந்துதான் போகும். 2017 வெள்ளத்தில் பாதையே அரித்துப்போய், 2018 கடைசியில்தான் ரயில் திரும்ப ஓடியது. ஒரு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

பனிக்கரடிக்கு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. ஆற்றின் நன்னீர் கடல்நீரை விடச் சீக்கிரம் உறையும். அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய கரையில் முதலில் பனிக்கட்டி பிடிக்கும். சீல் வேட்டைக்குப் போகக் கரடிகள் அங்கே கூடிக் காத்திருக்கும். கட்டி உறுதியானதும் கிளம்பிவிடும். நவம்பர் மூன்றாம் வாரத்துக்கு அறை போட்டால், சீக்கிரம் உறைந்த வருடத்தில் வெறும் வெள்ளைவெளிதான். தங்குமிடம் ஒரு வருடம் முன்பே தீர்ந்துவிடும். ஊரில் மொத்தமே 900 பேருக்குக் கீழ்.

ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள், கடற்கரைப் பாறைப் பக்கம் கோடையிலும் கூடாது. பலர் கார்க் கதவைப் பூட்டுவதில்லை. கரடி வந்தால் யாரும் ஏறிக்கொள்ளத்தான். ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும் கரடியைப் பிடித்து அடைத்து வைப்பார்கள். தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. ஊட்டினால் அடுத்த வருடமும் வந்து நிற்குமே!

* * *

கரடிச் சீசன் விலை கட்டுப்படியாகாதவங்க ஜூலைல போங்க, அதுவும் கடைசி ரெண்டு வாரம். பெலுகாங்கிற வெள்ளைத் திமிங்கிலம் ஆத்துக்குள்ள கூட்டம் கூட்டமா வரும். படகு போடும்போது கடல் ஏற்ற நேரத்தைக் கேட்டுப் போடுங்க. கடல் தண்ணி ஏறும்போது அதுங்களும் மேலே ஏறி வரும். எதிர்க்கரையில இருக்கிற பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டையில இறங்கவும் ஏற்றம் வேணும். கொசு, கருப்பு ஈ ரெண்டும் தாராளம். தலைக்கு வலைத் தொப்பி இல்லாம வெளிய கால் வைக்க முடியாது. காத்து அடிச்சா ஈ குறையும், ஆனா படகு போகாது. ஒண்ணு கிடைச்சா ஒண்ணு போச்சு.

* * *

இரவு வானத்தில் ஆடும் அரோரா என்ற துருவ ஒளிக்கு பிப்ரவரி, மார்ச். கோடையில் இரவே சரியாக இருட்டாது. இலையுதிர் காலத்தில் மேகம் மூடிவிடும். மைனஸ் 30 சாதாரணம். கேமராவின் உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வையுங்கள். படமெடுக்க முக்காலி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600 முதல் 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 5 முதல் 15 விநாடி. ஒளி வேகமாக ஆடினால் விநாடியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பச்சைக் குழம்புதான் பதியும். திரும்பும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, பிறகு அறைக்குள் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம். திறந்தால் லென்ஸுக்குள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள்.