டார்க் சாக்லேட் கொடுக்கலாமா? பையனுக்குப் பாலும் வேர்க்கடலையும் அலர்ஜி

மழைத்துளி:
பையனுக்கு 4 வயசு. பால், வேர்க்கடலை ரெண்டுமே அலர்ஜின்னு டாக்டர் டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிட்டார். வகுப்புல யாருக்காவது பிறந்தநாள்னா கையை இறுக்க மூடிக்கிட்டே வீட்டுக்கு வருவான். விரிச்சா மிட்டாய் பாதி உருகி ஒட்டியிருக்கும். "அம்மா, படிச்சுச் சொல்லு"ம்பான். இன்னைக்கு டார்க் சாக்லேட். சேர்மானத்துல பால் இல்லை, ஆனா கீழே பொடி எழுத்துல 'பால் இருக்கலாம்'னு இருக்கு. சும்மா ஒரு பேச்சுக்குப் போடுறதுதானே?

கடலைக்குப் பகையாளி:
கொடுக்காதீங்க தோழி. என் பொண்ணுக்கு 11 வயசாச்சு. இந்தப் பொடி எழுத்தைப் படிச்சுப் படிச்சே எனக்குக் கண்ணாடி வந்துடுச்சு. பால் சாக்லேட் ஓடின மெஷின்லயே பல இடங்கள்ல டார்க்கும் ஓடும். சாக்லேட்ல தண்ணி பட்டா கட்டியாயிடும், அதனால குழாயை அலசுறது கஷ்டம். அடுத்த சாக்லேட்டை விட்டே பழசைத் தள்ளுவாங்க. ஒட்டினது கொஞ்சம் கூடவே வரும். அமெரிக்காவுல எஃப்டிஏ (அங்க உணவு, மருந்தைக் கண்காணிக்குற அரசுத் துறை) 100 டார்க் சாக்லேட்டைச் சோதிச்சப்போ பாதிக்கு மேல பால் இருந்துச்சு.

'லாக்டோஸ் இல்லாதது'ன்னு பார்த்தும் ஏமாறாதீங்க. அதுல போனது பால் சர்க்கரை மட்டும், புரதம் அப்படியே இருக்கும். சேர்மானத்துல கேசீன், வே (whey)னு இருந்தா அதுவும் பால் புரதம்தான்.

நான் ஒரு தடவை கோட்டை விட்டேன். வழக்கமா வாங்குற மிட்டாய்தானேன்னு குட்டி சைஸ் பாக்கெட்டைப் படிக்காம பிரிச்சேன். அதுல 'வேர்க்கடலை இருக்கலாம்'! நல்லவேளை, வாய்க்குப் போறதுக்குள்ள பார்த்துட்டேன். சைஸ் மாறினா தொழிற்சாலையே மாறலாம்.

இப்போ டீச்சர்கிட்ட ஒரு டப்பா கொடுத்து வெச்சிருக்கேன். நான் படிச்சு வாங்கின மிட்டாய் மட்டும் அதுல. மத்தவங்க கொடுத்தா அதுக்குப் பதிலா இதுல ஒண்ணு.

பழைய ஆள்:
கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்குங்களேன், சரியாயிடும்.

கடலைக்குப் பகையாளி:
வேண்டாம் அண்ணா. அது டாக்டர் கண்காணிப்புல, அளந்து செய்யுற சிகிச்சை. வீட்டுல செஞ்சு பார்க்குற விஷயமே இல்ல. மழைத்துளி, அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தா அது டப்பாவோடவே டீச்சர்கிட்ட இருக்கட்டும். மூச்சு இழுத்தா முதல்ல அதுதான், அலர்ஜி மாத்திரை கொடுத்துட்டுக் காத்திருக்கக் கூடாது.

மழைத்துளி:
நன்றிக்கா. சாக்லேட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாச்சு. டப்பாவுக்கு டைனோசர் ஸ்டிக்கரா, ரயிலான்னு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு: கடலை தொட்ட கைக்கு சானிடைசர் போதுமா?

கடலைக்குப் பகையாளி:
போதாது. சோப்புப் போட்டுக் கழுவணும், இல்லன்னா ஈரத் துடைப்பான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதம் கையிலேயேதான் இருக்கும்.