கனடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் வன்னி உறவுகளுக்கு: மிதப்புத் தூண்டிலில் உயிர் இரை கட்டுவது பற்றி

வணக்கம். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் குளக்கட்டில் நின்று தூண்டில் போட்டு வளர்ந்த பலர், இங்கே ஒன்ராறியோவின் ஏரிக்கரைக்கு முதன்முதலாகப் போகும்போது, விராலுக்குக் கட்டுவதைப் போலப் பெரிய முள்ளும் தடித்த தங்கூசியும் (நைலோன் நூல்) கட்டிப் போட்டுவிட்டு, மிதப்பு ஆடுகிறது, இரை பறிபோகிறது, மீன் மட்டும் அகப்படவில்லை என்று வருந்துகிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தில் குறை எதுவும் இல்லை. கரையோரத்தில் திரியும் புளூகில், பம்கின்சீட் போன்ற மீன்களின் வாய் மிகவும் சிறியது. தூண்டிலில் உள்ள ஒவ்வொன்றும் அந்த வாய்க்கு அளவாக இருக்கவேண்டும்.

முதலில் அனுமதிப்பத்திரம். ஊரில் குளத்தில் தூண்டில் போட எவரையும் கேட்டதில்லை என்ற நினைப்பில் இங்கே இறங்கவேண்டாம். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அரசின் அட்டையும் மீன்பிடி அனுமதியும் தேவை. கனடாவில் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்திராதவர்கள் வதிவாளர் கட்டணத்தில் அதைப் பெற முடியாது என்பதைப் புதிதாக வந்தவர்கள் கவனிக்கவேண்டும். வதிவாளராகிவிட்ட, 65 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர், வயதைக் காட்டும் அரச அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் கட்டணமின்றியே பிடிக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்குள் நாள் முழுக்க அடைந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைவிட நல்ல பொழுது இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். நான்கு அல்லது ஆறு இறாத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசி போதும். முள் எட்டாம் அல்லது பத்தாம் இலக்கமாக, மெல்லிய கம்பியில், நீண்ட காம்புடன் இருக்கட்டும். இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை மறக்காமல் வாங்குங்கள். காம்பு நீளமாக இருந்தால் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றுவது இலகு. முள்ளுக்கு மேலே ஒரு சாண் அளவில், பிளவுள்ள சிறு குண்டு ஒன்றை நூலில் வைத்து நெரித்துவிடவேண்டும். ஈயக்குண்டை விழுங்கும் லூன் என்ற நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பதால், 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்தைத் தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறார்கள். எங்கே போனாலும் வெள்ளீயக் குண்டையே பயன்படுத்துவது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மிதப்பு. கடையில் தொங்கும் சிவப்பு வெள்ளை உருண்டைகளில் மிகச் சிறியதை எடுங்கள், அல்லது பென்சில் போல ஒல்லியானதை எடுங்கள். குண்டின் பாரத்தில் மிதப்பு ஏறக்குறைய முழுவதும் அமிழ்ந்து, நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியவேண்டும். பெரிய மிதப்பை இழுக்கும்போது அதன் எதிர்ப்பை உணரும் மீன் இரையைத் துப்பிவிடும். பாரம் சரியாக அமைந்த மிதப்போ மீன் இரையை உறிஞ்சிய கணத்திலேயே கீழே போகும். மிதப்பு நேராக நிற்காமல் சாய்ந்து படுத்துக் கிடந்தால், குண்டு அடியில் தட்டி நிற்கிறது என்று பொருள். மிதப்பை முள்ளின் பக்கமாகச் சிறிது இறக்குங்கள். இரை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்குவது நல்ல தொடக்கம்.

மண்புழுவை முழுதாகக் கோப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. நீளமாகத் தொங்கும் வாலை மீன் கடித்துக்கொண்டு போகும். முள் வாய்க்குள் போகவே போகாது. புழுவை நகத்தால் கிள்ளி, விரல் மூட்டு ஒன்றின் நீளத் துண்டை எடுத்து, வெட்டுவாயின் வழியே முள்ளைச் செலுத்தி, வளைவு மறையும் வரை உடலைத் தள்ளி, முனையில் சிறு துண்டு மட்டும் நெளியும்படி விடுங்கள். புழு வழுக்கினால் விரலில் சிறிது மண்ணைத் தொட்டுக்கொள்ளலாம்.

மே மாத இறுதியிலும் யூனிலும், நீர் 20 பாகை செல்சியசை நெருங்கும்போது, புளூகிலும் பம்கின்சீட்டும் கரையோர ஆழமற்ற நீரில் வட்டமாகக் குழி பறித்து முட்டையிடும். அப்போது இரண்டு மூன்று அடி ஆழமே போதும். கோடை வெயில் ஏறியதும் பாசிப்படுக்கைகளின் வெளி ஓரத்துக்கும் படகுத்துறை நிழலுக்கும் நகர்ந்துவிடும். தடியின் நீளத்தை மிஞ்சிய ஆழத்துக்கு, நூலில் வழுகி ஓடும் மிதப்பும், அதை வேண்டிய ஆழத்தில் நிறுத்த மேலே ஒரு சிறு முடிச்சும் நூலில் கோத்த பாசிமணியும் வேண்டும். ரைஸ் ஏரியில் கிராப்பி தேடுபவர்களுக்கு இது மிகவும் உதவும். கிராப்பி தனக்கு மேலே உள்ள இரையை நோக்கி எழும்பும் மீன் ஆகையால், இரையை அதற்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். அதன் வாய்த்தோல் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

மிதப்பு கீழே போனதும் மணிக்கட்டை மட்டும் மெல்ல உயர்த்தினால் போதும். நீண்ட நேரம் காத்திருந்தால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் பிடுங்காமல் நூலை வெட்டிவிடுங்கள். முதுகுமுள் குத்தாதிருக்க, நனைத்த கையைத் தலையிலிருந்து வாலை நோக்கி வருடிப் பிடியுங்கள். பாஸ் மீனைப் பிடிக்கத் தடையுள்ள பருவத்தில் அது அகப்பட்டால் உடனே விட்டுவிடவேண்டும்.

மிஞ்சிய புழுவையும் அதன் மண்ணையும் ஏரியிலோ, கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள். சமைக்க எடுப்பவர்கள், எந்த நீர்நிலையின் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில்.